பக்கத்து வீட்டுக் குக்கர் சத்தம்

இன்று காலை எங்கள் வீட்டுக் குக்கர் விசில் அடிப்பதற்கு முன்னால் சற்று நேரம் "உஸ்ஸ்" என்று நீளமாக மூச்சு விட்டது. வாஷர் பழசாகிவிட்டது, ஆவி ஓரமாகக் கசிகிறது. மாற்ற வேண்டும் என்று பத்து நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நாளிதழ் படித்துக்கொண்டிருந்த நான், என்னை அறியாமல் இரண்டு கால்களையும் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டேன். சமையலறை வாசலுக்கு வந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். அவளும் ஒரு காலைத் தூக்கிக்கொண்டுதான் நின்றாள். இருவரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் இருவருமே உங்கள் வீட்டுப் பக்கத்துச் சுவரைப் பார்த்தோம்.

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் இப்போது உங்கள் மகனும் மருமகளும் இருக்கிறார்கள். நல்ல பிள்ளைகள். என்னைப் பார்த்தால் "சாப்பிட்டீங்களா சார்" என்று மரியாதையாகக் கேட்கிறார்கள். அந்த மரியாதைதான் எனக்கு இன்னும் பழகவில்லை. இருபது வருடத்துக்கு மேல் அந்தச் சுவர் வழியாக என்னை "நீ" என்று கூப்பிட்ட ஒரே குரல் உங்களுடையது.

செம்பாக்கத்தில் நாங்கள் குடிவந்த முதல் நாளே அப்படித்தான் தொடங்கினீர்கள். "இன்னா சாரு, வூடு முடிச்சிட்டியா? தண்ணி வேணும்னா வந்து புடிச்சிக்கோ." எனக்குச் சுருக்கென்றது. தாம்பரத்தில் உயர்நிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியன் நான். தெருவில் போனால் பெற்றோர்கள் சைக்கிளிலிருந்து இறங்கி வணக்கம் சொல்வார்கள். நீங்களோ அரசு மருத்துவமனையில் அவசரப் பிரிவு ஆயா. ஸ்ட்ரெச்சர் தள்ளுவதும் படுக்கை துடைப்பதும் உங்கள் வேலை. பம்மலில் தோல் பட்டறைக்குப் போய்க்கொண்டிருந்த உங்கள் கணவர் இளவயதிலேயே இறந்துவிட்டார் என்பதும், பிள்ளையைத் தனியாக வளர்த்தீர்கள் என்பதும் பிறகு தெரிந்தது. ஆனாலும் அந்த "நீ" எனக்கு ஒரு வருடம் உறுத்தியது. என் மனைவிக்கு உறுத்தவில்லை. அவளை நீங்கள் "டீச்சரம்மா" என்பீர்கள். அவள் எந்தப் பள்ளிக்கும் வேலைக்குப் போனவள் இல்லை. "பாருங்க, எனக்கு வேலையே போட்டுக் கொடுத்துட்டாங்க" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

நமக்குள் இருந்த ஒரே தகராறு அந்தச் செங்கல் குவியல்தான். நாங்கள் மாடி கட்டியபோது மிஞ்சிய கல். சுவரோரமாக அடுக்கி, மேலே ஒரு உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் தகட்டைப் போட்டு மூடி வைத்திருந்தேன். எதற்காவது உதவும் என்று எண்ணம். எங்களைப் போன்றவர்கள் வீட்டில் மிஞ்சிய செங்கல்லை யாரும் தூக்கிப் போடுவதில்லை. அது உதவுவதும் இல்லை.

"அத்த எடுத்துடு சாரு. எலி பூந்துகினு கீது. எலி வந்தா பின்னாலயே அதும் வரும்."

நான் சுவரோரம் நின்று உங்களுக்கு ஒரு பாடமே எடுத்தேன். பாம்பு கூச்ச சுபாவம் உள்ள பிராணி. நாம் அதன் வழிக்குப் போகாவிட்டால் அது நம் வழிக்கு வராது. இந்தப் பக்கம் திரிவதில் சாரையும் தண்ணீர்ப் பாம்பும்தான் அதிகம். அவற்றுக்கு விஷம் கிடையாது. எடுத்துக்காட்டாக, ஏரிக்கரையில் நடக்கும்போது நாம் எத்தனை முறை பார்த்திருக்கிறோம், ஏதாவது நம்மைத் துரத்தியதா? பொறுமையாகக் கேட்டீர்கள். துணி பிழிந்து முடிக்கும்வரை கேட்டீர்கள்.

"நீ சொல்றதெல்லாம் செரி சாரு. பாம்புக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டீர்கள்.

அந்த வருட ஐப்பசி மழை உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு வாரம் விடாமல் பெய்து ஏரி தளும்பிவிட்டது. நம் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். காலை ஆறரை மணி. மழை சற்று விட்டிருந்தது. சுவரோரம் இருந்த நந்தியாவட்டைச் செடியில் பூப்பறிக்க என் மனைவி கூடையோடு போனாள். நான் பின்வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். அப்போது அந்தச் சத்தம் எனக்கும் கேட்டது. உங்கள் வீட்டில் குக்கர் ஆவி விடுகிறது என்றுதான் நானும் நினைத்தேன். காலை ஷிப்டு இருந்தால் நீங்கள் ஏழு மணிக்குள் சமைத்து முடித்துவிடுவீர்களே.

"என்னம்மா, இந்த மழையில இவ்வளவு சீக்கிரம் குக்கர் வெச்சுட்டீங்களா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே என் மனைவி அடுத்த கிளையை எட்டினாள்.

உங்கள் பதில் சுவருக்கு அப்பாலிருந்து வந்தது. "நான் எங்க வெச்சேன்? அடுப்பே பத்த வெக்கல டீச்சரம்மா."

பிறகு உங்கள் குரல் மாறியது. "டீச்சரம்மா, அப்டியே நில்லு. கால எடுத்து வெக்காத."

அவள் எடுத்து வைத்துவிட்டாள்.

நான் ஓடிப் பார்த்தபோது அவள் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்திருந்தாள். வலது கணுக்காலுக்குக் கீழே இரண்டு ரத்தப் பொட்டுகள். செங்கல் இடுக்கில் கைத்தடிப் பருமனில் பழுப்பாக ஒன்று அவசரமே இல்லாமல் உள்ளே இழுத்துக்கொண்டு போனது. முதுகில் கருப்பு விளிம்பு கட்டிய வட்டங்கள், சங்கிலி கோத்த மாதிரி. பாடப் படத்தில் நூறு முறை குச்சியால் தொட்டுக் காட்டியிருக்கிறேன். கண்ணாடி விரியன். அது சீறினால் குக்கர் ஆவி விடுவதுபோல இருக்கும் என்று வகுப்பில் சொன்னதும் நான்தான்.

எனக்கு அப்போது பயமே வரவில்லை. பாடம் வந்தது. முப்பத்தொரு வருடம் நடத்திய பாடம். பாம்பு கடித்தால் கடிவாய்க்கு மேலே இறுக்கிக் கட்ட வேண்டும், விஷம் இதயத்துக்கு ஏறாமல் தடுக்க வேண்டும். குழாய்க்கு ரப்பர் பட்டை கட்டித் தண்ணீரை நிறுத்துவதுபோல என்று எடுத்துக்காட்டும் வைத்திருந்தேன். துணிக்கொடியாகக் கட்டியிருந்த நைலான் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்து அவள் முழங்காலுக்குக் கீழே சுற்றி இழுக்கப் போனேன்.

நீங்கள் எப்படி வந்தீர்கள் என்று தெரியவில்லை. வாசலைச் சுற்றித்தான் வந்திருக்க வேண்டும், முழங்கால்வரை சேறு. ஆஸ்பத்திரிப் புடவையில் என் கையைப் பிடித்தீர்கள்.

"கட்டாத சாரு."

"விடுங்கம்மா. எனக்குத் தெரியும். நான் சயின்ஸ் டீச்சர்."

"நீ படிச்சதச் சொல்ற. நான் தள்ளுனதச் சொல்றேன். இறுக்கிக் கட்டிகினு வந்த காலெல்லாம் நான்தான் தள்ளிகினு போயிருக்கேன். வெசத்துல போன கால விட கட்டுல போன காலு அதிகம். கவுற வுடு."

நான் விடவில்லை. நீங்கள் பிடுங்கினீர்கள். உங்களுக்கு அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. தினம் எத்தனையோ பேரைத் தூக்கிப் படுக்கவைத்த கை அது.

அதற்குள் எதிர்வீட்டு வங்கிக்காரர் பெரிய கழியோடு வந்துவிட்டார். அவரோடு இரண்டு பேர். எல்லோரும் செங்கல்லைக் கலைக்கத் தயாராக நின்றார்கள். "அண்ணா, கட்டயக் கீய போடு. அத்தத் தேடிகினு நின்னா இவங்கள யாரு பாக்கறது? இன்னொருத்தரு கடி வாங்கினா எனக்கு ஸ்ட்ரெச்சர் பத்தாது. வந்து நாற்காலியப் புடி." பிளாஸ்டிக் நாற்காலியில் அவளை உட்காரவைத்து, ஒரு எட்டுகூட நடக்கக் கூடாது என்றீர்கள். பிறகு என்னைப் பார்த்து, "போர்டுல கோடு போடுவியே, அந்த நீட்டு ஸ்கேலு எங்க?" என்றீர்கள். மர ஸ்கேலை அவள் காலோடு சேர்த்து வைத்து, எலும்பு முறிந்தவர்களுக்குக் கட்டுவதுபோல என் துண்டால் தளர்வாகச் சுற்றினீர்கள். உள்ளே உங்கள் விரலை விட்டுப் பார்த்தீர்கள். விரல் போய் வந்தது. "இவ்ளோதான் கட்டு" என்றீர்கள்.

வங்கிக்காரர் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார், மெயின் ரோட்டு நர்சிங் ஹோம் பக்கம், அங்கே போய்விடலாம் என்று.

"அங்க ஏசி கீது, மீன் தொட்டி கீது. வெசத்துக்கு மருந்து கீதா அண்ணா? கேட்டு வெச்சிருக்கியா?"

இத்தனை வருடம் ஏரிக்கரையில் குடியிருந்தும் அதைக் கேட்டு வைக்க வேண்டும் என்று அவருக்கும் தோன்றியதில்லை, எனக்கும் தோன்றியதில்லை.

நாற்காலியோடு தூக்கித் தண்ணீரில் தெருமுனைவரை கொண்டுபோனார்கள். அங்கே ஒரு ஷேர் ஆட்டோ புறப்படத் தயாராக நின்றது. ஏறி உட்கார்ந்திருந்த நான்கு பேரும் காலைப் பார்த்தார்கள். யாரும் எதுவும் கேட்காமல் மழைத்தண்ணீரில் இறங்கி நின்றார்கள். அவர்கள் முகம் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை. நன்றி சொல்லவும் இல்லை.

ஆட்டோவுக்குள் நடந்ததைத்தான் நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்லத் தேவையில்லை. நீங்கள் அங்கே இருந்தீர்கள். ஆனாலும் எழுதிப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது.

கேம்ப் ரோடு திரும்புவதற்குள் பாதம் வீங்கத் தொடங்கிவிட்டது. நீங்கள் அவள் கொலுசைக் கழற்றி என்னிடம் கொடுத்தீர்கள். பிறகு மெட்டிமேல் கை வைத்தீர்கள். வலியில் கண்ணை மூடியிருந்தவள் வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டாள்.

"அது வேண்டாம்."

"வீங்குது டீச்சரம்மா. இன்னும் கொஞ்ச நேரத்துல விரலப் புடிச்சிக்கும். அப்பறம் வெட்டித்தான் எடுக்கணும். மெட்டிய இல்ல, விரல."

"இருக்கட்டும். அவர் உயிரோட இருக்கும்போது நான் மெட்டியக் கழட்ட மாட்டேன்."

அவள் உங்களைப் பார்த்துத்தான் சொன்னாள். உங்கள் கால்விரல்கள் எத்தனையோ வருடமாக வெறுமையாக இருப்பது அவளுக்குத் தெரியும். அவள் பயம் உங்களுக்குப் புரிந்தது. கணவனை இழந்த ஒருத்தி கையால் தன் மெட்டி கழலக் கூடாது என்று நினைக்கிறாள். அந்த நேரத்தில் நீங்கள் கோபப்பட்டிருந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாலும் தப்பில்லை. நீங்கள் கையை மட்டும் எடுத்துக்கொண்டீர்கள்.

"நான் தொடல. இவரு போட்டதுதான? இவரே கழட்டட்டும்."

"வேண்டாம்" என்றாள் மறுபடியும். "அவருக்கு ஏதாவது ஆயிடும்."

"அவரு நல்லாத்தான் கீறாரு, இந்தா பக்கத்துல குந்திகினு. நீ இருக்கணுமா வேணாமா? அத்தச் சொல்லு மொதல்ல."

என் மனைவி என்னைப் பார்த்தாள். அவள் சொல்லாமல் நான் கழற்ற முடியாது என்று தோன்றியது; அதுவரை அவளிடம் எதையும் கேட்டுச் செய்த பழக்கம் எனக்கு இருந்ததில்லை. "கழட்டட்டுமா?" என்று கேட்டேன். தலையை ஆட்டினாள். கல்யாணத்தன்று அம்மிமேல் அவள் காலை வைத்து நான் போட்ட மெட்டி. அன்று சுலபமாக நுழைந்தது. இப்போது விரல் ஊதி, வெள்ளி உள்ளே பதிந்திருந்தது. இரண்டு கையாலும் அதன் வாயை விரித்துப் பிரித்து எடுத்தேன். அவள் அலறவில்லை. என் தோளைப் பற்றிக்கொண்டிருந்தாள். நீங்கள் வெளியே மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். வேண்டுமென்றே பார்க்காமல் இருந்தீர்கள் என்பது எனக்கு அப்போதே தெரிந்தது.

உங்கள் மருத்துவமனையில் ஒரு இளம் மருத்துவர் அவள் ரத்தத்தைக் கொஞ்சம் எடுத்துச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் ஊற்றி, ஆட்டாமல் மேசையில் நிறுத்தினார். இருபது நிமிடம் அப்படியே இருக்க வேண்டும். அதற்குள் உறைந்தால் விஷம் ரத்தத்தைக் கெடுக்கவில்லை என்று பொருள். வகுப்பில் ரத்தம் உறைவதை நடத்தும்போது நான் பாலையும் தயிரையும் சொல்வேன். தயிர்க் கிண்ணத்தைச் சாய்த்தால் தயிர் நிற்கும், பாலைச் சாய்த்தால் ஓடும். அந்த இருபது நிமிடமும் கடிகாரத்தைப் பார்த்தேனா குழாயைப் பார்த்தேனா தெரியாது. மருத்துவர் வந்து குழாயைச் சாய்த்தார். தண்ணீர்போல ஓடியது.

"மருந்து ஏத்திடலாம்" என்றார். அவர் குரலில் பதற்றம் இல்லாதது எனக்குக் கோபமாக வந்தது. விஷமுறிவு மருந்து பாட்டில் பாட்டிலாக இறங்கத் தொடங்கியது. நடுவில் அவளுக்குக் குளிர் நடுக்கம் கண்டது. ஈறில் ரத்தம் கசிந்தது. ஆறு மணி நேரம் கழித்து மறுபடியும் குழாயில் பார்ப்போம் என்றார்கள்.

அந்த ஆறு மணி நேரமும் நீங்கள் உங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஸ்ட்ரெச்சரோடு வராந்தாவில் போகும்போதெல்லாம் எங்கள் கட்டிலருகே ஒரு நொடி நிற்பீர்கள். பதினோரு மணிவாக்கில் ஒரு முறை நின்றபோது நான் கேட்டேன். "கட்டிக்கிட்டு வந்தவங்கன்னு சொன்னீங்களே. அவங்களுக்கெல்லாம் யாரு அப்படிக் கட்டச் சொன்னாங்க?"

நீங்கள் ஸ்ட்ரெச்சர் சக்கரத்தைக் காலால் நிறுத்திவிட்டு, யோசிக்காமல் சொன்னீர்கள். "கேட்டா எல்லாம் ஒரே பதில்தான் சாரு. இஸ்கூல்ல சொல்லிக் குடுத்தாங்கம்பாங்க."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்பது உங்களுக்கு உறைத்தது. என் முகத்தைப் பார்த்தீர்கள். "புக்குல போட்டதத்தான நீ சொல்லுவ. புக்க நீயா எயுதின?" என்றீர்கள். சிறிது தூரம் போய்விட்டுத் திரும்பி வந்து, "கவுத்த நீ இறுக்கல. அத்த நெனச்சிக்கோ" என்றும் சொன்னீர்கள். அன்று எனக்கு அது ஆறுதலாக இல்லை. எத்தனை வகுப்பு, எத்தனை பிள்ளைகள் என்று மனது கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. இப்போது நினைத்தால், அவ்வளவு வேலைக்கு நடுவில் அதைச் சொல்வதற்காக மட்டும் நீங்கள் திரும்பி வந்தது பெரிதாகத் தெரிகிறது.

பிற்பகலில் இரண்டாவது குழாய். இம்முறை மருத்துவருக்குப் பின்னால் நீங்களும் வந்து நின்றீர்கள். குழாயைச் சாய்த்தார். அசையவில்லை. தலைகீழாகக் கவிழ்த்தார். உள்ளே சிவப்பாக ஒரு கட்டி, குழாயின் அடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றது.

"நிக்குது சாரு" என்றீர்கள்.

மருத்துவர் போன பிறகு, "போ, கேண்டீன்ல எதனா துன்னுட்டு வா. காலைலேர்ந்து பல்லு விளக்கினதோட நிக்கிற. நீ வுழுந்தா உன்னியும் நான்தான் தள்ளணும்" என்றீர்கள். போகும் வழியில் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். இது உங்களுக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து ஒரு மாதம் அவள் கால் வீக்கம் வடியவில்லை. கடிவாயைச் சுற்றித் தோல் கறுத்து உரிந்தது. ஆனால் கால் இருந்தது. மெதுவாக நடக்கத் தொடங்கினாள். மெட்டி திரும்பப் போடும் நாளை அவளே முடிவு செய்தாள். நான் காலண்டரில் நல்ல நேரம் பார்த்துச் சொன்னேன். அவள் அதைக் கேட்கவில்லை. "அவங்களுக்கு என்னைக்கு லீவுன்னு கேட்டுட்டு வாங்க" என்றாள்.

நீங்கள் வந்தீர்கள், ஆனால் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. "நல்ல காரியம் டீச்சரம்மா. நான் இங்கயே நிக்கிறேன்" என்றீர்கள். அதை எத்தனை வீட்டு வாசலில் சொல்லிப் பழகியிருந்தால் அவ்வளவு இயல்பாக வந்திருக்கும்.

"உள்ள வந்து என் பக்கத்துல உக்காருங்க. இல்லேன்னா நான் போட்டுக்கப் போறதில்ல" என்றாள் என் மனைவி. "அன்னைக்கு ஆட்டோல நான் நெனச்சது தப்பு."

"அன்னிக்கு நீ இன்னா நெனச்ச? எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்லிக்கொண்டே வந்து உட்கார்ந்தீர்கள். நான் குனிந்து மெட்டியைப் போட்டபோது, "சாரு, கொஞ்சம் லூசாவே வுடு" என்றீர்கள். மூவரும் சிரித்தோம். அவள் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு வடையும் காபியும் சாப்பிட்டோம். அதுதான் நீங்கள் எங்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து சாப்பிட்ட முதல் முறை. அண்டை வீட்டுக்காரர்களாகி எத்தனை வருடம் கழித்து என்பதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது.

செங்கல்லை அதற்கு முன்பே அகற்றியிருந்தோம். பாம்பு பிடிக்கத் தெரிந்தவர் ஒருவரை நீங்கள் அழைத்து வந்தீர்கள். அவர் அதைச் சாக்கில் போட்டு எடுத்துப்போனார். கொல்ல வேண்டும் என்று வங்கிக்காரர் கேட்டதற்கு, "அது இன்னா பண்ணும்? இவரு வூடு கட்டிக் குடுத்தாரு, குடி வந்துச்சி" என்று என்னைக் கைகாட்டினீர்கள்.

எனக்கு மிச்சமிருந்த வேலை வேறு. பத்தாம் வகுப்புப் பழைய மாணவர்கள் கூடிய ஒரு விழாவுக்கு அழைத்திருந்தார்கள். எல்லோருக்கும் ஐம்பதை ஒட்டிய வயது. உங்களையும் வற்புறுத்திக் கூட்டிப்போனேன். மேடையில் பேசும்போது, "பாம்பு கடித்தால் முதலில் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டேன். நரைத்த தலைகள் அத்தனையும் ஒரே குரலில், பள்ளிக்கூட ராகத்தோடு சொல்லின. "கடிவாய்க்கு மேல் இறுக்கிக் கட்ட வேண்டும் சார்." சொல்லிவிட்டுக் கைதட்டிச் சிரித்தார்கள். இவ்வளவு வருடம் கழித்தும் ஒருவர்கூட மறக்கவில்லை. ஒரு பாடத்தை நன்றாக நடத்திவிட்டோமே என்று நான் வருந்திய ஒரே நாள் அது.

"அது தப்பு. நான் தப்பாகச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். இப்போது திருத்திக்கொள்ளுங்கள்" என்றேன். முன்வரிசையில் இருந்த ஒருவர், "அப்போ மார்க்க திருப்பிக் குடுக்கணுமா சார்?" என்று கேட்டார், மறுபடி சிரிப்பு. பிறகு உங்களை மேடைக்குக் கூப்பிட்டேன். ஒலிபெருக்கியைத் தள்ளிவிட்டீர்கள். அந்த மாணவரையே நாற்காலியில் உட்காரவைத்து, ஸ்கேலை வைத்துத் துண்டைச் சுற்றி, உள்ளே விரலை விட்டுக் காட்டினீர்கள். "ஓடாத, நடக்காத, கட்டாத, கீறாத, வாயி வெச்சி உறிஞ்சாத. மோதரம், கொலுசு, மெட்டி, கவுறு எல்லாத்தையும் கழட்டு. மருந்து எந்த ஆஸ்பத்திரில கீதுன்னு இன்னிக்கே கேட்டு வெச்சிக்கோ. அவ்ளோதான். வூட்டுக்குப் போய் சொல்லுங்க." முப்பத்தொரு வருடத்தில் நான் இவ்வளவு சுருக்கமாக எந்தப் பாடத்தையும் முடித்ததில்லை.

அதன்பிறகு மழைக்காலம் வருவதற்கு முன் ஒவ்வொரு வருடமும் எங்காவது போய் நாம் இருவரும் சொன்னோம். இந்த வருடம் தனியாகப் போனேன். நீங்கள் துண்டைச் சுற்றிக் காட்டும் இடம் வந்ததும் என் மனைவி எழுந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினாள். கூட்டத்தில் பேசவே கூசுகிறவள் அவள்.

இப்போது இந்த மடலை எழுத உட்கார்ந்ததற்கான காரணத்தைச் சொல்கிறேன். போன வாரம் பொத்தேரியிலிருந்து என் பழைய மாணவி ஒருத்தி பேசினாள். கல்லூரிப் பெண்களுக்கு அறைகள் வாடகைக்கு விடுகிறாள். அந்தப் பெண்களில் ஒருத்தி மாலையில் மோட்டார் போட இறங்கியபோது பாதத்தில் பாம்பு கடித்துவிட்டது. பக்கத்திலிருந்தவர்கள் கயிற்றோடு ஓடிவந்தார்கள். என் மாணவி குறுக்கே நின்றாளாம். "எங்க சார் கட்டக் கூடாதுன்னு சொல்லியிருக்காருன்னு சொன்னேன் சார். பிடிவாதமா நின்னேன். கொலுச கழட்டினேன். கட்டில்ல படுக்கவெச்சு அப்படியே வேன்ல ஏத்திட்டோம்." மருந்து ஏற்றி, நான்கு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பிறகு அந்தப் பெண்ணின் அப்பாவிடம் போனைக் கொடுத்தாள். திருவண்ணாமலைப் பக்கத்து விவசாயி. மகளை அழைத்துப்போக வந்திருந்தவரை வழியனுப்ப என் மாணவி பேருந்து நிலையம்வரை போயிருந்தாள். "ஐயா, நீங்கதான் இதையெல்லாம் சொல்லிக் குடுத்தீங்களாம்" என்று தொடங்கினார். நான் அவரை நிறுத்தினேன். நான் சொல்லிக் கொடுத்தது வேறு, இது எங்கள் பக்கத்து வீட்டம்மா எனக்குச் சொல்லிக் கொடுத்தது, ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளியவர் என்று உங்கள் பெயரைச் சொன்னேன்.

"அந்தம்மா நம்பர் குடுங்க ஐயா. ஒரு வார்த்த நானே சொல்லணும் அவங்களுக்கு."

நீங்கள் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மகளோடு சந்தோஷமாக ஊருக்குக் கிளம்பும் மனிதரிடம் அதை எப்படிச் சொல்வது? "என்ன சொல்லணுமோ என்கிட்ட சொல்லுங்க. நான் அவங்ககிட்ட சேர்த்துடறேன்" என்றேன். இது ஒரு ஆசிரியன் கொடுத்த வாக்கு.

அவருக்குப் பின்னால் பேருந்து நிலையத்து இரைச்சல் கேட்டது.

"எம்பொண்ணு அவ கால்லயே நடந்து போயி பஸ் ஏறிட்டான்னு சொல்லுங்க ஐயா" என்றார். "ஜன்னலோரம் எடம் புடிச்சு உக்காந்திருக்கா."